தெற்கே நகர்ந்த தீவு

வடமராட்சியின் ஆலயங்களிலே கந்தபுராண படனம் நடைபெறும்போது, ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவதும், கேட்டிருக்கும் முதியோர் தமக்குத் தோன்றிய ஐயத்தை எழுப்ப, பயன் சொல்பவர் அதற்குச் சமாதானம் கூறுவதும் நம் முன்னோர் பழகி வந்த முறையாகும். உரைகளும் பிரபந்தங்களும் இயற்றிய சிவசம்புப் புலவரைப் பெற்ற உடுப்பிட்டியிலே, ஒரு நூலைப் படிப்பது என்றால் அந்நூலோடு வழக்காடுவதும் அதனுள் அடங்கும் என்ற எண்ணம் கல்வியுடையோரிடம் இயல்பாகவே இருந்தது. ஆகையால், விஞ்ஞானப் புனைகதையின் வாசகர்கள் ஒரு நாவலைப் படித்து முடித்ததும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஆசிரியர் சொன்ன கிரகத்தின் சுழற்சியும் தூரமும் நிறையும் தம்முள் ஒத்துவருகின்றனவா என்று கணக்கிடத் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்படும்போது, நம்மவர்க்கு அது விநோதமாகத் தோன்ற நியாயமில்லை. இவ்விதமான விசாரணையைச் சிலர் குற்றம் காணும் சிறுமையென்று ஒதுக்குவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கதையின் உலகத்தை உண்மையென்று முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டவனுக்கே, அந்த உலகத்தில் மழை எங்கிருந்து பெய்கிறது என்று கேட்கத் தோன்றும்.

இவ்வகை விசாரணைக்கு மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்க எழுத்தாளர் லரி நிவென் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரிங்வேர்ல்ட்’ என்னும் நாவலைப் பற்றி எழுந்ததாகும். நம் சூரியனையொத்த ஒரு நட்சத்திரத்தைச் சூழ, ஏறத்தாழ 15 கோடியே 30 இலட்சம் கிலோமீற்றர் ஆரமும் 16 இலட்சம் கிலோமீற்றர் அகலமும் உடைய ஒரு பிரமாண்டமான வளையத்தை அவர் கற்பனை செய்தார். அதன் உட்புறத்திலே நிலமும் கடலும் காற்றும் உண்டு. காற்று வெளியே சிந்திவிடாதபடி இரு விளிம்புகளிலும் ஆயிரம் மைல் உயரமான மதில்கள் உண்டு. உட்புறத்தில் நிற்பவர்களுக்குப் பூமியில் நிற்பது போன்ற பாரம் தோன்றுமாறு அவ்வளையம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,240 கிலோமீற்றர் வேகத்திலே சுழன்றுகொண்டிருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் பார்ப்பவர் எவரும் செக்கனுக்குச் செக்கன் பத்து மீற்றர் என்ற ஆர்முடுகலைப் பெறுவர். பூமியின் ஈர்ப்பினால் உண்டாகும் ஆர்முடுகலும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே முதற் பரீட்சையிலே நாவல் தேறிவிட்டது.

ஆனால் அடுத்த பரீட்சையிலே அது தவறியது. 1971 ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரிலே உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடியபோது, மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்விநிலையத்து மாணவர்கள், வளைய உலகம் நிலையாக நில்லாது என்று மாநாட்டு மண்டபங்களிலே கோஷமிட்டுச் சென்றதாக நிவெனே பின்னர் எழுதியிருக்கிறார். அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. அதன் காரணமோ மிக நுட்பமானது.

ஒரு கிரகம் சூரியனைச் சுற்றும்போது, யாதேனும் ஒரு சிறு தள்ளுதலால் அதன் பாதை சற்றே மாறுமேயன்றி, கிரகம் சூரியனில் விழுந்துவிடுவதில்லை. பழைய நீள்வட்டத்துக்குப் பதிலாக வேறொரு நீள்வட்டத்திலே அது தொடர்ந்து செல்லும். விறைப்பான வளையமோ முழுமையாக நோக்குமிடத்து எதனையும் சுற்றிச் செல்வதில்லை. அதன் மையம் சூரியனிலேயே இருக்கிறது. சுழற்சி அதனை வெளிநோக்கி இழுத்து விறைப்பாக்குமேயன்றி மையத்தைக் காத்து நிற்பதில்லை. இப்பொழுது ஏதோ ஒரு விண்கல் மோதியதால் வளையம் தன் தளத்திலே ஒருபுறமாக ஒரு கிலோமீற்றர் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சூரியனுக்கு அண்மையிலான பாகம் அதிகமாக இழுக்கப்படுகிறது. எதிர்ப்புறப் பாகம் குறைவாக இழுக்கப்படுகிறது. ஆதலால் அண்மையிலுள்ள பாகம் இன்னும் அண்மிக்கிறது. அண்மிக்க அண்மிக்க இழுவையின் வேறுபாடும் மிகுகிறது. பூமியின் தூரத்திலுள்ள வளையத்துக்கு இவ்விலகல் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருமடங்காகும் என்று கணக்கிடலாம். ஒரு கிலோமீற்றரில் தொடங்கிய விலகல் இருபத்தேழு அல்லது இருபத்தெட்டு முறை இரட்டித்தால் பதினைந்து கோடி கிலோமீற்றரை எட்டிவிடும். அதாவது நான்கைந்து ஆண்டுகளுக்குள் அவ்வுலகம் தன் சூரியன்மேல் மோதி அழிந்துபோகும்.

இந்த முடிவுக்கு மாணவர்கள் புதிய கணிதம் எதனையும் படைக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிரகத்தின் வளையங்கள் ஒரே திண்மமான தகடாக இருக்குமாயின் அவை நிலைக்கமாட்டா என்றும், எண்ணிறந்த சிறு துணிக்கைகள் தனித்தனியே உபக்கிரகங்கள் போலச் சுற்றிவருவதாலேயே அவை நிலைத்திருக்கின்றன என்றும், ஸ்கொத்லாந்து நாட்டுப் பௌதிக அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1859 ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். 1895 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கீலர் என்பவர் நிறமாலையின் துணைகொண்டு, வளையத்தின் உட்பாகம் வெளிப்பாகத்திலும் விரைந்து செல்வதைக் கண்டு அதனைப் பிரத்தியட்சமாக்கினார். மாணவர்கள் செய்ததெல்லாம், ஒரு நூற்றாண்டுக்கு முந்திய அந்த நிரூபணம் ஒரு கதைக்கும் பொருந்தும் என்று கண்டதுதான். அதிலேதான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

நிவென் சினங்கொள்ளவில்லை. 1980 ஆம் ஆண்டிலே ‘ரிங்வேர்ல்ட் எஞ்சினியர்ஸ்’ என்ற இரண்டாவது நாவலை எழுதி, வளையத்தை நிலைநிறுத்துவதற்காக அதன் விளிம்பிலே உந்து இயந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன என்றும், அவ்வுலகத்து மாந்தர் சிலர் விண்கலம் கட்டுவதற்காக அவற்றைக் கழற்றிச் சென்றுவிட்டமையால் வளையம் மையத்தினின்று விலகத் தொடங்கிவிட்டது என்றும் அமைத்தார். வாசகரின் ஆட்சேபமே அடுத்த கதையின் வித்தாயிற்று. புளோரிடா மாநிலத்துப் பாடசாலை வகுப்பொன்று எழுப்பிய வினா என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது. மழையும் நதியும் மேல்மண்ணைக் கரைத்துக் கடலிற் சேர்க்கின்றன. பூமியிலோ எரிமலைகளும் மலையெழுச்சிகளும் புதிய நிலத்தை உயர்த்துகின்றன. மெல்லிய தகடாகிய வளையத்திலே இவை எவையும் இல்லையே, அங்ஙனமாயின் சில ஆயிரம் ஆண்டுகளில் மண் முழுவதும் கடலடியிற் சேர்ந்துவிடுமன்றோ என்று அப்பிள்ளைகள் கேட்டார்கள். கடலடிச் சேற்றைக் குழாய்வழியே உறிஞ்சி மதிலுக்கு மேலாகக் கொண்டுவந்து கொட்டும் ஏற்பாட்டையும், அவ்வாறு கொட்டிய சேறு குவிந்து உண்டான மலைகளையும் நிவென் இரண்டாவது நாவலிலே சேர்த்தார். புவியியல் வகுப்பிலே மண்ணரிப்பைப் பற்றிப் படித்த பிள்ளை அப்பாடத்தை ஒரு கற்பனை உலகத்தின்மேல் ஏற்றிப் பார்த்தது என்றால், அதனைவிட ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய கைம்மாறு வேறு யாது?

இவ்வாராய்ச்சிக்கு ஒரு நெறி உண்டு. வளையம் செய்யப்பட்ட பதார்த்தம் அந்தச் சுழற்சியைத் தாங்க வேண்டுமாயின் அது எஃகிலும் பல இலட்சம் மடங்கு உறுதியுடையதாக இருத்தல் வேண்டும். அவ்வாறான பொருள் எதுவும் இல்லை. எனினும் அதனை எவரும் பிழையென்று சொல்லவில்லை; ஏனெனில் ஆசிரியர் அதனைத் தொடக்கத்திலேயே ஒரு பிரதிக்ஞையாக வெளிப்படையாக வைத்துவிட்டார். இல்லாத ஒன்றை உண்டென்று கொள்ளும் சுதந்திரம் கதாசிரியருக்கு உண்டு. கொண்டபின் அதிலிருந்து பிறக்கும் விளைவுகளை மறைக்கும் சுதந்திரம் மட்டும் இல்லை. ஹால் கிளெமென்ற் என்ற பெயரில் எழுதிய பாடசாலை ஆசிரியர் ஒருவர், 1953 ஆம் ஆண்டு வெளியான தம் நாவலிலே, பதினெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் மெஸ்க்ளின் என்ற தட்டையான கிரகத்தைப் படைத்து, அதன் மத்தியரேகையில் பாரம் பூமியைப்போல் மும்மடங்கும் துருவத்தில் பலநூறு மடங்கும் இருக்குமென்று கணக்கிட்டதோடு, தம் கணக்கிலே வழுக்கண்டுபிடிப்பது வாசகருக்குரிய விளையாட்டு என்று ஒரு கட்டுரையும் எழுதினார். வாசகரும் விட்டுவைக்கவில்லை, கிரகத்தின் விளிம்பு அவர் சொன்னதிலும் கூர்மையாக இருக்கும் என்று பின்னர் கணித்துக் காட்டினார்கள்.

நம் மொழியில் இத்தகைய வாசகர் கூட்டத்தைப் பெருமளவில் உண்டாக்கியவர் சுஜாதா. பெங்களூரிலே பொறியியலாளராகப் பணியாற்றிய அவர், 2022 ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையிலே ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் படைத்தார். புத்தகம் வாசித்து, தர்க்கம் பேசி, ஆபத்தில் யுக்தி சொல்லும் அந்நாய்க்கு மின்சக்தி எங்கிருந்து கிடைக்கிறது, மனித மூளை ஏறத்தாழ 20 வற்று சக்தியிலே செய்வதை அச்சிறு உடல் வெப்பமேறாமல் எவ்வாறு செய்கிறது என்ற கேள்விகள் இன்றும் கேட்கத்தக்கவை. ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று வாசகரின் விஞ்ஞான ஐயங்களுக்கு விடையளிக்கும் பகுதியையும் அவரே எழுதினார் என்பதை எண்ணும்போது, கதையாலே வினாவை எழுப்பி, வேறோரிடத்திலே விடை சொல்லும் ஓர் ஆசிரியரைத் தமிழ் பெற்றிருந்தது என்று மகிழத் தோன்றுகிறது.

இலங்கையருக்கு உரிய விவகாரமோ வேறொன்று. 1956 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்து குடியேறி, 2008 ஆம் ஆண்டு கொழும்பிலே காலஞ்சென்ற ஆதர் சி. கிளார்க், 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ என்னும் நாவலின் களமாக இலங்கையையே தப்ரபேன் என்ற பழைய பெயரோடு கொண்டார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச்செல்லும் ஒரு கோபுரத்தை வான்னெவர் மோர்கன் என்ற பொறியியலாளர் கட்டுவதே கதை. மத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஓர் உபக்கிரகத்தை வைத்தால் அது பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றி, நிலத்திலிருந்து நோக்குவோர்க்கு அசையாது நிற்பதாகத் தோன்றும். அவ்விடத்தைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 ஆம் ஆண்டிலேயே எழுதியவர் கிளார்க். அந்நிலையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கம்பியை இறக்கி, மேல்நோக்கி எதிர்ப்பாரம் ஒன்றை நீட்டினால், கீழ்ப்பாகத்தைப் பூமியின் ஈர்ப்பும் மேற்பாகத்தைச் சுழற்சியின் விளைவும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்க, கம்பி நிமிர்ந்து நிற்கும். இதனை 1960 ஆம் ஆண்டில் யூரி ஆர்ற்சுத்தானோவ் என்ற ருஷியப் பொறியியலாளரும், 1975 ஆம் ஆண்டில் ஜெரோம் பியர்சன் என்ற அமெரிக்கரும் தனித்தனியே ஆராய்ந்து எழுதினர். ஒரே பருமனுள்ள கம்பியானால், பூமியின் மேற்பரப்பிலுள்ள ஈர்ப்பிலே ஏறத்தாழ 4,900 கிலோமீற்றர் நீளம் தன் பாரத்தைத் தானே தாங்கும் உறுதி அதற்கு வேண்டும். நல்ல எஃகுக் கம்பியோ சில பத்துக் கிலோமீற்றரிலேயே அறுந்துவிடும். எனவே கிளார்க்கும் ஒரு புதிய இழையைப் பிரதிக்ஞையாகக் கொண்டார். அதனை அவருக்கு அனுமதிப்போம்.

கோபுரத்தின் அடி மத்தியரேகையில் இருத்தலே உத்தமம். அதனின்று விலகினால் கம்பி சரிந்து பக்கவாட்டிலே இழுவை ஏற்படும். இலங்கையின் தென்கோடியாகிய தெய்வந்துறையோ வட அகலக்கோடு ஏறத்தாழ 5.9 பாகையில் இருக்கிறது. இதற்குப் பரிகாரமாகக் கிளார்க் மூன்று மாற்றங்களைச் செய்ததாக நூலின் பின்னுரையிலே கூறியிருக்கிறார்: தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார், சிவனொளிபாத மலையின் உயரத்தை இருமடங்காக்கினார், அம்மலையைச் சிகிரியாவுக்குச் சமீபமாகக் கொண்டுவந்தார்.

இம்மூன்றும் மனம்போன போக்கில் செய்யப்பட்டவையா என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. 800 கிலோமீற்றர் என்பது அகலக்கோட்டிலே 7.2 பாகைக்குச் சற்று மேல். ஆகவே நகர்ந்த தீவிலே மத்தியரேகை, இன்றைய கண்டி நகருக்குச் சற்றுத் தெற்கே தீவைக் குறுக்கறுத்துச் செல்லும். சிவனொளிபாத மலை 6.8 பாகையில் இருப்பதால், நகர்ந்தபின் அது மத்தியரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தூரத்தில் விழும். அதனை வடக்கே, அதாவது சிகிரியாவின் திசையிலே, அவ்வளவு தூரம் கொண்டுசென்றால் சரியாக ரேகையின்மேல் வந்து நிற்கும்! மூன்றாம் மாற்றம் முதல் மாற்றத்தின் கணக்கைப் பூர்த்தி செய்கிறது. உயரமும் அவ்வாறே, 2,243 மீற்றர் மலை ஏறத்தாழ 4,500 மீற்றராகும்போது, வளிமண்டலத்தின் நிறையில் நாற்பது வீதத்துக்கு மேற்பட்ட பங்கு உச்சிக்குக் கீழே தங்கிவிடுகிறது, கோபுரத்தின் அடியைத் தாக்கும் காற்றின் வேகபாரம் அந்த அளவுக்குத் தணிகிறது.

நம் ஊர் எங்கே சென்றது என்று கேட்க எனக்கு ஆசை எழுந்தது. இன்று 9.8 பாகையிலுள்ள உடுப்பிட்டி அத்தீவிலே 2.6 பாகையில் இருக்கும். துருவ நட்சத்திரம் ஓரிடத்திலே அடிவானத்துக்கு மேல் நிற்கும் உயரம் அவ்விடத்தின் அகலக்கோட்டுக்கு ஏறக்குறையச் சமமாதலால், இப்பொழுது தொண்டைமானாற்றுக் கரையில் நின்று வடக்கே நோக்கினால் ஏறத்தாழ பத்துப் பாகையில் தென்படும் அந்நட்சத்திரம், அங்கே கடற்புகாரில் மறைந்துபோகும். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்டு, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலின் மாலுமிகள், பயண முடிவிலே அதே நட்சத்திரத்தை 42 பாகைக்கு மேல் உயரத்தில் கண்டிருப்பார்கள். தப்ரபேனின் வடகரையில் பிறந்த மாலுமிக்கோ வடதிசையைக் காட்ட வேறு நட்சத்திரங்களே துணை.

சூறாவளியும் அங்கில்லை. 1964 இல் தனுஷ்கோடியையும் 1978 இல் மட்டக்களப்பையும் அழித்தவை போன்ற புயல்கள் சுழலத் தொடங்குவதற்குப் பூமியின் சுழற்சியால் காற்று ஒருபுறம் திருப்பப்படுதல் வேண்டும். அத்திருப்பம் மத்தியரேகையிலே பூச்சியமாகவும், ஐந்து பாகைக்குள் மிக மெலிந்தும் இருக்கும். 2001 ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு அருகே ஒன்றரைப் பாகை அளவில் தோன்றிய வாமேய் என்ற சூறாவளி விதிவிலக்கான அதிசயமாகவே கருதப்படுகிறது. இங்கேதான் கதையின் சிக்கல். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை அடையும் நாளில் அங்குள்ள துறவிகள் தம் மடத்தை விட்டு நீங்குவர் என்ற ஐதிகம் நாவலிலே வருகிறது. ஒரு பெருங்காற்று அப்பூச்சிகளை உச்சிக்குத் தூக்கிச் சென்று அதனை மெய்யாக்குகிறது. மத்தியரேகையில் அத்தகைய காற்று எப்படி வந்தது என்று வானிலை அறிந்த வாசகன் கேட்பான். பருவக்காற்றை ஆளும் நிலையத்தின் கருவிகளைக் கொண்டு மனிதன் எழுப்பிய காற்று அது என்று கிளார்க் அமைத்திருக்கிறார். கதைப்போக்குக்காக வைத்த இவ்வேற்பாடு பௌதிக ஆட்சேபத்துக்கும் சமாதானமாகிவிடுகிறது.

இவ்வளவு செம்மையான கட்டமைப்பிலே எனக்குத் தீராத ஐயம் ஒன்று உண்டு. வல்வெட்டித்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையே இன்று சுமார் 60 கிலோமீற்றர் கடல். தீவு மட்டும் நகர்ந்ததென்றால் அது 850 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சமுத்திரமாகிவிடும். அக்கடலைக் கடந்து பௌத்தமும் சைவமும், சோழர் படையும், பனம்விதையும் அதே காலத்தில் அதே அளவில் வந்திருக்குமா? கிளார்க்கின் காளிதாசன் என்ற அரசன் சிகிரியாவின் காசியப்பனை அடியொற்றியவன். காசியப்பன் கதையிலே, அவனுடைய தம்பி முகலன் இந்தியாவுக்குச் சென்று படை திரட்டி மீள்கிறான். அண்மையில் இந்தியா இல்லாத தீவுக்கு அந்தச் சரித்திரம் எவ்வாறு வாய்க்கும்?

இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தீவு மத்தியரேகையிலேயே இருந்தது என்றும், மீண்டும் ஒருநாள் அங்கே செல்லக்கூடும் என்றும் கிளார்க் ஒரு குறிப்புத் தந்திருக்கிறார். முதற்பகுதி கணக்குக்கு ஒக்கும். 800 கிலோமீற்றரை இரண்டு கோடி ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு நான்கு சென்ரிமீற்றர். இந்தியத் தட்டு வடக்கே நகரும் வேகம் ஏறக்குறைய அதுவே. அத்தட்டு இன்றும் வடக்கு நோக்கியே செல்வதால், மீண்டும் மத்தியரேகைக்கு வரும் என்பது ஒப்புக்கொள்ளத் தக்கதாக இல்லை. ஆனால் இக்குறிப்பு என் முதல் ஐயத்துக்கு ஒரு வழி திறக்கிறது: இலங்கையும் இந்தியாவும் ஒரே தட்டின்மேல் இருப்பவை, இரண்டையும் சேர்த்தே தெற்கே கொண்டுசென்றால் பாக்குநீரிணை அவ்வாறே இருக்கும், முகலனும் கடந்துசென்று மீளலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. இந்தியா 800 கிலோமீற்றர் பின்வாங்குமாயின், ஆசியாவோடு மோதி உயர்ந்த இமயம் இன்றைய உயரத்தை எட்டியிராது. இமயமும் திபெத்தும் தாழ்ந்தால் தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமை மாறும். பருவக்காற்று மாறினால் அதனை ஆளும் நிலையம் எதற்கு, வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்குக் கொண்டுசென்ற காற்றுத்தான் எங்கிருந்து? இரண்டு கோடி ஆண்டுகளையும் உள்ளபடியே பின்னோக்கிச் செல்வோமானால் வேறொன்றும் தெரியவரும். நம் தீபகற்பத்துக்கு அடித்தளமாகிய சுண்ணாம்புக்கல், மயோசீன் என்று புவியியலார் வழங்கும் அக்காலத்திலேதான் ஆழமற்ற கடலின் அடியில், சிப்பியும் பவளமும் படிந்து உருவாயிற்று. தீவு மெய்யாகவே மத்தியரேகையில் கிடந்தபோது உடுப்பிட்டி நீருக்கடியில் இருந்தது.